ஒரு குறையும் இல்லைங்க சார்

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அஜித்குமார் ஒரே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். "அக்காகூடப் போறேன்." அவ்வளவுதான். ஏழு வயசுப் பையனுக்கு இது ஒன்றும் மனப்பாடச் செய்யுள் இல்லை. ஆனாலும் பெரம்பலூரில் அரியலூர் பஸ் ஏறியதிலிருந்தே சிவரஞ்சனி அதையே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் சொல்லிவிட்டால் இன்றைக்கே செட்டிகுளத்துக்குப் போய்விடலாம். அங்கே அவனுடைய அக்கா லாவண்யா இரண்டு வருஷமாக அமிர்தவல்லியின் வீட்டில் வளர்கிறாள். தத்து இல்லை. பெற்றவர்கள் இல்லாத பிள்ளையை ஆளாகும்வரை குடும்பத்தோடு வைத்துக்கொள்கிற ஏற்பாடு. தம்பிக்கும் சேர்த்து இடம் இருக்கிறது என்று அமிர்தவல்லி இப்போது சொல்லிவிட்டாள். அவன் சொல்லாவிட்டால், வாசலில் நிற்கிற வேனில் மற்றப் பையன்களோடு ஏற்றி ராமநாதபுரம் பக்கம் ஏதோ ஓர் இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அரியலூரில் அவன் இருந்த இல்லத்தின் கட்டடம் விரிசல் விட்டுப்போய், இனி அங்கே ஒரு பிள்ளையும் தங்கக் கூடாது என்று ஆகிவிட்டது.

ராமநாதபுரத்துக்குப் போன பையனைச் செட்டிகுளத்திலிருந்து யார் மாதாமாதம் போய்ப் பார்ப்பது? முதல் வருஷம் ஒரு தடவை போவார்கள். அப்புறம் போன் பேசுவார்கள். அப்புறம் அதுவும் இருக்காது. சிவரஞ்சனிக்கு இது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவளுக்கும் ஒரு தம்பி இருந்தான். ஏதோ ஓர் ஊரில் இப்போதும் இருப்பான்.

சிவரஞ்சனிக்கு இருபது வயசு. பெரம்பலூரில் ஒரு பெண்பிள்ளைகள் இல்லத்தில் வளர்ந்து, பதினெட்டு முடிந்ததும் ஒரு பெட்டியோடு வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள். இப்படி இல்லங்களிலிருந்து வெளியே வந்த பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். ஒரு தொண்டு நிறுவனம் அவர்களுக்கு மைக் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது. அதிகாரிகள் முன்னால் உட்கார்ந்து பேசக் கற்றுக்கொடுத்தது. நன்றாகவே கற்றுக்கொண்டார்கள். சிவரஞ்சனி பேச எழுந்தால் கூட்டத்தில் செல்போனை நோண்டுகிறவர்கள்கூட நிமிர்ந்து பார்ப்பார்கள்.

சங்கம் முதன்முதலில் கேட்டு வாங்கியது ஒன்றே ஒன்று. ஒரு பிள்ளையை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்வதற்கு முன்னால், அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சட்டத்தில் அது முன்பே இருந்ததாம். இருந்து என்ன, யாரும் கேட்டதில்லை. நடையாய் நடந்து, பிள்ளைகள் விஷயத்தை முடிவு செய்கிற குழுவை அதற்கு இணங்க வைத்தார்கள். அன்றைக்குச் சிவரஞ்சனிக்குச் சால்வையெல்லாம் போட்டார்கள். இப்போது குழு ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்கிறது. கேட்டபின்தான் கையெழுத்து.

போன ஞாயிற்றுக்கிழமை கலைவாணன் சொன்னான். அவனும் சங்கத்து ஆள்தான். அரியலூர் இல்லத்தில் அஜித் இருந்த அதே ஹாலில் வளர்ந்து, இப்போது சிமெண்டு லாரி ஓட்டினாலும் அங்கிருக்கிற பையன்களைப் பார்க்க அடிக்கடி போய் வருகிறவன்.

"ரஞ்சனி, பையன்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிக் குடுத்துடுவோம். நான் போய்ச் சொல்லிட்டு வரேன்."

"கூடாது. பிள்ளை தானா சொல்லணும். சொல்லிக் குடுத்துச் சொல்ல வைக்கிறதுக்கா இவ்வளவு நடந்தோம்?"

"அவன் நம்மள மாதிரி பையன் ரஞ்சனி."

"அதனாலதான் சொல்றேன்" என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிட்டாள். கலைவாணன் என்ன சொல்ல வந்தான் என்பது அவளுக்கு அன்றைக்கு விளங்கவில்லை.

குழு உட்கார்ந்திருந்த அறை மாடியில் இருந்தது. தலைவர் உத்திராபதி நல்ல மனுஷர். ஆளைக் கண்டால் எரிந்து விழுகிற அதிகாரி இல்லை. பிள்ளைகளுக்கென்று மேஜையில் பிஸ்கட் பாக்கெட் வைத்திருப்பார். பக்கத்தில் உறுப்பினர் சுந்தராம்பாள், அதிகம் பேசாத அம்மாள். எதிரே ஒரு பக்கம் அமிர்தவல்லி, லாவண்யா. இன்னொரு பக்கம் சிவரஞ்சனியும் கலைவாணனும். நடுவில் அஜித்குமார், எண்ணெய் வழியத் தலை வாரி, சட்டையைக் கழுத்துவரை பட்டன் போட்டு.

"தம்பி, வா சாமி. பயப்படாத. ஹோம்ல எப்படி இருக்க?"

பையன் இரண்டு கையையும் கூப்பினான். தலையைக் கொஞ்சம் சாய்த்தான். "நல்லா இருக்கேன் சா...ர். ஒரு குறையும் இல்லைங்க சா...ர்."

"அந்த ஹோம மூடிட்டாங்கப்பா. புது ஹோமுக்குப் போறியா, இல்ல உங்க அக்காகூட அந்த அம்மா வூட்டுக்குப் போறியா? எதுன்னாலும் சொல்லு."

"எங்க அனுப்பினாலும் நல்லா இருப்பேன் சா...ர். ஒரு குறையும் இல்லைங்க சா...ர்."

"டேய்!" என்று லாவண்யா கத்தினாள். "நான்டா! என்னோட வரலியா?"

பையன் அவளைப் பார்த்து அதே மாதிரி சிரித்தான். அவளிடமும் கை கூப்பியபடியே.

இந்த மெட்டு இல்லத்தில் வளர்ந்த எல்லாருக்கும் தெரியும். எந்த மகராசன் இசையமைத்தானோ, பெரம்பலூரில் பாடினாலும் அரியலூரில் பாடினாலும் ராகம் மாறாது. வசதியுள்ளவர்கள் தங்கள் பிள்ளையின் பிறந்தநாளுக்கு இல்லத்தில் சாப்பாடு போட வருவார்கள். பட்டுப் பாவாடை கட்டிய ஒரு குழந்தை கேக் வெட்டும். இவர்கள் வரிசையாக நின்று அதற்குக் கை தட்டிப் பாட வேண்டும். பிறகு வந்தவர்கள், "எப்படிப்பா இருக்கீங்க?" என்பார்கள். உடனே எல்லாரும் சேர்ந்து கை கூப்பி, நல்லா இருக்கோம் சார், ஒரு குறையும் இல்லைங்க சார். யாராவது ஒரு புதுப் பிள்ளை, குழம்பு உறைக்குது என்றோ அம்மாகிட்டப் போகணும் என்றோ வாயைத் திறந்துவிட்டால், அடி விழாது. "உன்னாலதான் அவங்க அடுத்த வருஷம் வரமாட்டாங்க" என்று வார்டன் பொதுவில் ஒரு வார்த்தை சொல்வார். அவ்வளவுதான். மற்றப் பிள்ளைகள் ஒரு வாரத்துக்கு அந்தப் பிள்ளையோடு பேசாது. அடுத்த பிறந்தநாளுக்கு அதுவும் சேர்ந்து பாடும்.

உத்திராபதி பேனாவை எடுத்தார். "பையனுக்கு அங்க போகணும்னு தனியா விருப்பம் ஒண்ணும் தெரியலியேம்மா. அப்ப மத்த பசங்களோடயே போகட்டும்."

"சார், அவன் சொன்னது பதில் இல்லைங்க சார்!" சிவரஞ்சனி எழுந்துவிட்டாள். "எதைக் கேட்டாலும் அதான் சொல்லுவான். சொந்த அக்கா சார். கூடப் பிறந்தவங்களைப் பிரிக்காதீங்க சார், உங்க கால்ல வேணாலும் விழறேன்."

மேடையில் அருவியாகக் கொட்டுகிற பேச்செல்லாம் எங்கே போயிற்றோ. கெஞ்சத்தான் வந்தது.

"நீங்கதானேம்மா பிள்ளைகிட்டக் கேளுங்க, கேளுங்கன்னு எங்களை விரட்டினீங்க? கேட்டாச்சு. அவன் வாயால சொல்லிட்டான். இப்ப அது பதிலே இல்லேன்னா எப்படி?" அவருக்குக் கோபம்கூட இல்லை, நிஜமாகவே குழம்பிப் போயிருந்தார். "ஹோம்னா ஏன் இப்படிப் பதறுற? நீயும் அப்படி ஓர் இடத்துல வளர்ந்து இன்னைக்கு இவ்வளவு தைரியமா நிக்கிற பொண்ணுதானே. உனக்கு அங்க என்ன குறை இருந்துச்சு, சொல்லு."

சொல்ல எவ்வளவு இருந்தது! காய்ச்சலில் கிடந்தபோது தொட்டுப் பார்க்க ஆள் இல்லாதது. தம்பியை வேறு ஊருக்கு மாற்றியதை ஆறு மாதம் கழித்துத் தெரிந்துகொண்டது. பள்ளிக்கூடத்தில் "உங்க வீடு எங்க" என்று கேட்டால் தலையைக் குனிந்துகொண்டது. எல்லாம் தொண்டைவரை வந்தது. ஆனால் கேட்டவர் பெரியவர், அன்பாகக் கேட்கிறார், மேஜையில் பிஸ்கட் இருக்கிறது. சிவரஞ்சனியின் இரண்டு கைகளும் தாமாகச் சேர்ந்தன. தலை சாய்ந்தது.

"ஒரு குறையும் இல்லைங்க சா...ர். நல்லா இருந்தோம் சா...ர்."

அவள் காதிலேயே அது விழுந்தது. உயிரே போய்விட்டது அவளுக்கு. திரும்பிப் பார்த்தால், பக்கத்தில் கலைவாணன், ஆறடி ஆள், பத்துச் சக்கர லாரியை ஓட்டுகிறவன், அவனும் கை கூப்பி நிற்கிறான்.

கெடுத்துவிட்டோம், நம் வாயாலேயே கெடுத்துவிட்டோம் என்று சிவரஞ்சனி அப்படியே நாற்காலியில் சரிந்தாள். கீழே வேன் ஓட்டுநர் ஹாரன் அடித்தார்.

சுந்தராம்பாள்தான் வாயைத் திறந்தார். "இப்ப சொன்னதை இன்னொரு தரம் சொல்லும்மா."

"மேடம்?"

"அந்தப் பையன் சொன்னான் பாரு, அச்சு அசல் அதே இழுவை. அவன் ஆம்பளப் பசங்க ஹோமு, இந்த ஊரு. நீ பெரம்பலூரு. உன் வயசென்ன, அவன் வயசென்ன?"

சிவரஞ்சனி பிடித்துக்கொண்டாள். முங்குகிறவளுக்குக் கயிறு கிடைத்த மாதிரி. "பாத்தீங்கள்ல மேடம்? எத்தனை மேடையில பேசியிருக்கேன். சாரு பாசமாக் கேட்டதும் என் வாயில அதான் வருது. நான் சொன்னது பொய்ங்க மேடம். வேணும்னு சொல்லல. என்னாலயே நிறுத்த முடியலன்னா அவனால முடியுமா?" சொல்லிவிட்டுக் கேவிக் கேவி அழுதாள்.

அமிர்தவல்லி அதுவரை சேலைத் தலைப்பைப் பிசைந்துகொண்டிருந்தவள், மெல்லச் சொன்னாள். "எங்க லாவண்யாவும் வந்த புதுசுல இப்படித்தாங்க. எதைப் போட்டாலும் நல்லாருக்குங்கம்மா, நல்லாருக்குங்கம்மான்னு திங்கும். நாலு மாசம் கழிச்சு ஒரு நாள், பீர்க்கங்காய் வேணாம், போன்னு தட்டைத் தள்ளுச்சு. கொல்லைப்பக்கம் போயி நான் அழுதேங்க. அன்னைக்குத்தான் எனக்கு மக பொறந்தா."

உத்திராபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவரும் சுந்தராம்பாளும் ஏதோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். கடைசியில், பையன் ஒரு மாசம் அந்த வீட்டில் இருக்கட்டும் என்றார்கள். "ஆனா ஒண்ணு. ஒரு மாசம் கழிச்சு மறுபடி அவன்கிட்டத்தான் கேப்போம். அப்பவும் இதே பாட்டுன்னா, நான் எதை வச்சு முடிவு எழுதறது? நாளைக்கு என்னைக் கேள்வி கேட்டா என்ன சொல்றது? பசங்க போன இடத்துக்கே அனுப்பிடுவேன்."

வேன் அஜித்தை விட்டுவிட்டுப் புறப்பட்டது. மாடிச் சன்னலிலிருந்து பார்த்தால் மற்றப் பையன்கள் உள்ளேயிருந்து கை அசைப்பது தெரிந்தது. எல்லாரும் ஒரே மாதிரி அசைத்தார்கள்.

ஒரு மாசம் கிடைத்ததே என்று சிவரஞ்சனிக்கு ஆசுவாசமாக இருந்தது ஒரு நாளோ இரண்டு நாளோதான். லாவண்யாவுக்கே நாலு மாசம் ஆயிற்று என்பது அப்புறம்தான் உறைத்தது. முதல் ஞாயிறு செட்டிகுளம் போனபோது, பையன் விடிந்ததும் போர்வையை நாலாய் மடித்து வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தான் என்றாள் அமிர்தவல்லி. அவள் புருஷன் தர்மராஜ் வயலிலிருந்து வீட்டுக்குள் நுழைந்தால் எழுந்து நிற்கிறான். தண்ணீர் குடிக்க உத்தரவு கேட்கிறான். சாப்பிட்டு முடித்ததும் கை கூப்பி நன்றி சொல்கிறான். "ஊருக்கு வந்த விருந்தாளிகூட இவ்வளவு மரியாதையா இருக்க மாட்டான் ரஞ்சனி. பாத்தா எனக்குப் பகீர்ங்குது" என்றாள்.

அடுத்த ஞாயிறு இன்னும் மோசம். களத்தில் குவித்திருந்த சின்ன வெங்காயத்தின் காய்ந்த தாளை நறுக்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் கவனிக்காதபோது இவனும் ஒரு கத்தியை எடுத்து நறுக்கி, விரலை வெட்டிக்கொண்டான். இரத்தம் சொட்டுகிறது, வெங்காயச் சாறு வேறு பட்டிருக்கிறது. பெரிய ஆளே துள்ளிக் குதிப்பான்.

"வலிக்குதாடா கண்ணு?"

"இல்லைங்க. ஒண்ணும் இல்லைங்க."

சிவரஞ்சனிக்கு அவனை ஓர் அறை அறைந்தாவது அழ வைக்கலாமா என்று இருந்தது. அப்படி நினைத்ததற்கு அவளே பிறகு தன் தலையில் அடித்துக்கொண்டாள். ராத்திரி லாரியிலிருந்து கலைவாணன் போன் செய்வான். "ஏதாவது கேட்டானா?" என்பான். "ஒண்ணும் கேக்கல" என்பாள். அதோடு போனை வைத்துவிடுவார்கள்.

கடைசி ஞாயிறு அவள் மனசு தளர்ந்துவிட்டது. பையன் கொல்லையில் ஆட்டுக்குட்டிக்குத் தழை காட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். சங்கமாவது சட்டமாவது, ஒரே ஒரு வாக்கியம், சொல்லிக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது.

"அஜித்து, அந்த சார் மறுபடி கேப்பாரு. அப்ப நீ..."

பையன் தழையைக் கீழே போட்டான். நேராக நின்றான். கைகள் கூப்பிக்கொண்டன. "சொல்லுங்க அக்கா. அப்படியே சொல்லிடறேன்."

அந்த முகத்தில் தம்பியும் இல்லை, யாரும் இல்லை. சொல்லிக் கொடுத்தால் அப்படியே சொல்லுவான். அதே மெட்டில் சொல்லுவான். சிவரஞ்சனி அவன் கைகளைப் பிரித்துவிட்டாள். "ஒண்ணும் இல்லடா. நீ குட்டியைப் பாரு" என்று எழுந்து, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறினாள். அவனை இழந்துவிட்டோம் என்றே முடிவு கட்டிவிட்டாள்.

குழு கூடிய அன்று அமிர்தவல்லி ஒரு துணிப்பையையும் கூடவே கொண்டுவந்திருந்தாள். அதில் அஜித்தின் சட்டை நிக்கர், ஒரு புது டிபன் பாக்ஸ். ஒருவேளை அங்கிருந்தே அனுப்பிவிட்டால் வெறுங்கையோடு போகக் கூடாதே என்று. அதைப் பார்த்ததும் சிவரஞ்சனி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பையனும் உம்மென்று இருந்தான். லாவண்யா ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அவன் ஒரு பக்கம். பஸ்ஸில் வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லையாம். போச்சு, இவனுக்கு அந்த வீடே பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அவளுக்குப் பட்டது.

உத்திராபதி பிஸ்கட்டை நீட்டினார். அவன் வாங்கிக்கொண்டான். நன்றி சொல்லவில்லை.

"தம்பி, அந்த அம்மா வூட்டுல எப்படி இருக்க? ஏதாவது குறை உண்டா?"

கைகள் மெல்ல எழுந்தன. சிவரஞ்சனி கண்ணை மூடிக்கொண்டாள்.

"இருக்கு."

"என்னப்பா?"

"இருக்கு சார். குறை இருக்கு." குரலில் இழுவை இல்லை, அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. "அக்கா என் ரப்பரை எடுத்துக்கிச்சு. காலையில கேட்டா தரமாட்டேங்குது. பெரியம்மா அதுக்குத்தான் பரிஞ்சு பேசுறாங்க. பெரியப்பா குறட்டை விடறாரு. ஆட்டுக்குட்டிக்கு லாரின்னு நான் பேரு வச்சேன். யாருமே அப்படிக் கூப்பிட மாட்டேங்கறாங்க. குட்டி குட்டின்னே கூப்பிடறாங்க."

அமிர்தவல்லி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். உத்திராபதிக்கு முகம் வாடிவிட்டது. பாவம், அவர் எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொண்டார்.

"இவ்வளவு குறை இருக்கா? அப்ப, வேணாம்னா அந்தப் புது ஹோமுக்கே..."

"ஏன்?" பையன் மிரண்டு போய்த் துணிப்பையை இழுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டான். "நான் எங்கயும் போகமாட்டேன். எங்க வூட்டுக்குப் போகணும். சாயங்காலம் லாரிக்குத் தழை போடணும்." அதற்குமேல் தாங்காமல், ஓ என்று அழத் தொடங்கினான். ஒரு மாசமாக வராத அழுகை, வெட்டுப்பட்ட விரலுக்கும் சேர்த்து வந்தது. லாவண்யா ஓடிவந்து தன் பையிலிருந்து ரப்பரை எடுத்து அவன் கையில் திணித்தாள். அவன் அதைத் தூக்கி எறிந்தான்.

சுந்தராம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எழுதுங்க சார்" என்றார். உத்திராபதி எழுதினார். சிறுபிள்ளைகள் இரண்டு பேரும் செட்டிகுளத்தில் அமிர்தவல்லி வீட்டில் சேர்ந்தே வளர்வது என்று வாசித்தும் காட்டினார். கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடினார். பிறகு, பெரிய காரியம் முடிந்த நிறைவோடு சிவரஞ்சனியைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னம்மா, இப்ப சந்தோஷம்தானே? இனிமே எங்க மேல ஒரு குறையும் இல்லையே?"

பாசமாகத்தான் கேட்டார். சிவரஞ்சனி தன்னையறியாமல் எழுந்தாள், கைகள் சேர்ந்துவிட்டன. தலை சாயத் தொடங்கிவிட்டது. "ஒரு கு..." என்று வாய் பாதி பாடிவிட்டது. அப்போது ஏனோ அந்த வேன் ஞாபகம் வந்தது. சன்னல்களில் ஒரே மாதிரி அசைந்த கைகள்.

அவள் ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"இருக்குங்க சார்."

"என்ன?"

"அன்னைக்கு வேன்ல போனானுங்களே, மத்த பசங்க. அவங்ககிட்டயும் கேட்டீங்க. எல்லாரும் ஒரு குறையும் இல்லைன்னுதான் சொன்னாங்க. அதை நம்பித்தான் அனுப்பினீங்க. நாங்களும் இவன் ஒருத்தனைப் பிடிச்சுக்கிட்டு அவங்களை விட்டுட்டோம்." பக்கத்தில் அவளோடு சேர்ந்து எழுந்து நின்ற கலைவாணன் கூப்பியிருந்த கையைப் பிரித்து, நாற்காலியை அவளுக்காக முன்னே இழுத்துப் போட்டான். அவள் உட்கார்ந்தாள்.

"ஒவ்வொருத்தன் பேரும் கலைவாணனுக்குத் தெரியும் சார். சொல்லுவான், எழுதிக்கங்க."

உத்திராபதி மூடிய பேனாவைத் திறந்தார்.